கண் அளவும் நூல் அளவும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்

நம் இயற்பியல் துறை அலமாரியில் ஒரு பழைய ஜோர்க்கி-4 பிலிம் காமிரா உறங்கிக் கொண்டிருக்கிறது. கைப்பேசியில் நொடியில் படம் எடுக்கும் காலத்தில் அதைக் கழிவுப் பட்டியலில் சேர்த்துவிடலாம் என்று நண்பர்கள் சிலர் சொல்கிறார்கள். சேர்க்கக் கூடாது என்பது என் கருத்து.

1956 முதல் 1973 வரை சோவியத் நாட்டில் தயாரான இந்தக் காமிரா, ரேஞ்சுபைண்டர் வகையைச் சேர்ந்தது. பார்க்கும் ஜன்னலில் இரண்டு பிம்பங்கள் தெரியும். லென்சைத் திருகி அவற்றை ஒன்றாக்கினால் தொலைவு சரி. ஆனால் ஒரு மீட்டருக்கும் அருகே அதற்குப் பார்வை கிடையாது. மேலும், நாம் பார்ப்பது ஜன்னல் வழியே. படம் விழுவது லென்சு வழியே. இடையே சில சென்டிமீட்டர். மலையைப் படமெடுத்தால் அது பொருட்டல்ல. ஒரு நாணயத்தை எடுத்தாலோ, நாணயமே படத்துக்கு வெளியே போய்விடும். நாம் படித்த இடமாறு தோற்றப் பிழை இதுதான்!

பாடம் இங்கேதான் தொடங்குகிறது. லென்சை முடிவிலியில் நிறுத்தி, அதன் முன் 2 டயாப்டர் குவிலென்சு ஒன்றைப் பொருத்தினால் 50 செ.மீ. தொலைவில் உள்ள பொருள் தெளியும். இன்னும் நெருங்க, லென்சைக் கழற்றி நடுவே வளையங்கள் சேர்க்கலாம். 50 மி.மீ. லென்சுக்கு 50 மி.மீ. வளையம் கொடுத்தால் பிம்பம் பொருளின் அளவே இருக்கும். குவியத் தொலைவின் இரு மடங்கில் பொருளை வைத்தால் சம அளவு பிம்பம் என்று ரெக்கார்டு நோட்டில் எழுதி மதிப்பெண் வாங்குகிறோமே, அதே விதி! அப்போது ஒளி நான்கு மடங்கு வேண்டும். துளையை 16-க்குச் சுருக்கினாலும் தெளிவு கிடைப்பது சுமார் 2 மி.மீ. ஆழத்துக்குத்தான்.

ஆகவே அளந்தே தீர வேண்டும். லைக்கா காமிராவுக்கு நான்கு கால் கொண்ட துணைக்கருவி ஒன்று விற்பனைக்கு இருந்தது. கால்களின் நீளம் தொலைவைச் சொல்லும். அவை ஊன்றும் இடம் படத்தின் எல்லையைச் சொல்லும். குடைக்கம்பியை வளைத்து அதை நாமே செய்துகொள்ளலாம்.

எங்கள் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். என் தந்தையார் கொத்தனார். எத்தனை ஆண்டு அனுபவம் இருந்தாலும் நூல் பிடிக்காமல் ஒரு வரிசைக் கல் வைக்கமாட்டார். சூத்திரத்தை ஒப்பிப்பவன் பட்டதாரி, நூல் பிடிப்பவன் தொழிலாளி என்ற எண்ணம் நம்மில் பலருக்கு இருக்கிறது. அந்த எண்ணத்தோடு பட்டம் வாங்கிப் போனால், நம்மைப் படிக்க வைத்தவர்களின் அறிவை நாமே தாழ்த்தியவர்களாவோம். சூத்திரமும் நூலும் ஒன்றாகச் சேரும் இடம் இந்தக் காமிரா.

பிலிமுக்குச் செலவாகும், லென்சு வழியே பார்க்கும் காமிராக்கள் எப்போதோ வந்துவிட்டன என்பீர்கள். உண்மைதான். ஆனால் ஒரு சுருளில் 36 படங்கள். ஆளுக்கு ஒன்று போதும். ஒன்றே ஒன்று என்பதால்தான் கணக்குப் போட்டுவிட்டு விசையை அழுத்துவோம். கைப்பேசி படத்தைத் தரும்; போட்ட கணக்கைக் காட்டாது.

ஆண்டுக்கு ஒரே ஒரு சுருள். கழுவித் தர வேதியியல் துறை நண்பர்கள் இருக்கிறார்கள். தொலைவு, வளைய நீளம், ஒளி நேரம் மூன்றும் ரெக்கார்டு நோட்டில் ஏறட்டும். பேராசிரியப் பெருமக்கள் அந்த அலமாரியைத் திறந்துவிட வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.