முன்னாடி குனி... பின்னாடி நிமிர்!

சில கார்கள் ஓடவே வேண்டாம் பாஸ். சும்மா ரோட்டோரமா நின்னாலே போதும்... தலையைத் தாழ்த்தி, பின்னங்காலை ஊன்றி, முட்டப் போற காளை மாதிரி ஒரு கெத்து! அமெரிக்காவில் பழைய மஸில் கார் வைத்திருப்பவர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் ‘ஸ்டான்ஸ்’. நம்ம பாஷையில், நிற்கிற தோரணை.

‘தி ஃபாஸ்ட் அண்ட் தி ஃப்யூரியஸ்’ படத்துல (2001) வின் டீசல் வீட்டு கராஜில் தூங்கிட்டு இருக்குமே, 1970 மாடல் டாட்ஜ் சார்ஜர்... அந்தக் கறுப்பு ராட்சசனைப் பார்த்துட்டு உங்கள்ல பாதிப் பேர் கம்ப்யூட்டர் கேம்ல அதே காரை எடுத்து, ஒரு பட்டனை அமுக்கி இறக்கி, இன்னொரு பட்டனை அமுக்கிப் பெரிய டயர் மாட்டியிருப்பீங்க. நிஜத்துல அந்த ரெண்டு பட்டனுக்கும் பின்னாடி ஏகப்பட்ட கணக்கு இருக்கு. இந்த வாரம் அதே சார்ஜரைப் பிரிச்சு மேயலாம், வாங்க.

முதல்ல டயர். ஸ்பானரைக் கையில் எடுக்குறதுக்கு முன்னாடி பேப்பர், பென்சிலை எடுங்க. 225/60 ஆர் 15 என்று டயர் ஓரத்தில் எழுதியிருந்தால், அகலம் 225 மி.மீ. அந்த அகலத்தில் 60 சதவிகிதம்தான் பக்கச்சுவரோட உயரம், அதாவது 135 மி.மீ. ரிம் 15 இன்ச், அதாவது 381 மி.மீ. மேலே ஒரு 135, கீழே ஒரு 135, நடுவில் 381. மொத்தம் 651 மி.மீ. உயரம். அவ்வளவுதான் கணக்கு! உங்க அப்பா காரின் டயரிலும் இதே மாதிரிதான் எழுதியிருக்கும், போய்ப் பாருங்க.

1970 சார்ஜர் ஆர்/டி ஷோரூமிலிருந்து வந்தபோது அதன் டயர் எஃப்70-14. அந்தக் காலத்து எழுத்துக் கணக்கு அது. இன்றைய அளவில் கிட்டத்தட்ட 225/70 ஆர் 14, உயரம் சுமார் 671 மி.மீ. இப்போ 15 இன்ச் ரிம் போட்டு, முன்னாடி 225/60, பின்னாடி 275/60 மாட்டுறோம்னு வைங்க. முன் டயர் 651, பின் டயர் 711. டயர் உயரத்தில் பாதிதான் காரை ஏத்தும், இறக்கும். அதனால முன்பக்கம் 10 மி.மீ. இறங்கும், பின்பக்கம் 20 மி.மீ. ஏறும். ஸ்பிரிங்கையே தொடாம 30 மி.மீ. சாய்வு கிடைச்சாச்சு! கண்ணுக்கு அது போதும். பலருக்கு இது தெரியாமல், முதல் நாளே காரைத் தூக்கி நிறுத்திவிட்டு ஸ்பிரிங்கைக் கழற்ற ஆரம்பிப்பார்கள்.

ஆனா ஓசியில எதுவும் கிடைக்காது தல. பின் டயர் ஆறு சதவிகிதம் பெருசாயிடுச்சு இல்லையா? ஸ்பீடாமீட்டர் 60 மைல்னு காட்டும்போது கார் நிஜத்துல கிட்டத்தட்ட 64 மைலில் போகும். போலீஸ்கிட்ட ‘மீட்டர் 60தான் சார் காட்டுச்சு’ன்னா எடுபடாது. கியர் பாக்ஸில் மீட்டரை ஓட்டுற சின்ன பிளாஸ்டிக் பல்சக்கரத்தை மாத்தணும். இன்னொரு காமெடியும் உண்டு. பின் அச்சின் கியர் விகிதம் 3.23 என்றால், பெரிய டயர் போட்டதும் அது 3.05 மாதிரி நடந்துகொள்ளும். டிராக் ரேஸ் கார் மாதிரி தெரியணும்னு பெரிய டயர் போட்டா, சிக்னல்ல கிளம்புற பிக்கப் குறையும்!

டயர் உள்ளே நுழையுமா என்பது அடுத்த தலைவலி. இங்கே ‘பேக்ஸ்பேசிங்’ என்று ஒன்று. ரிம்மின் உள்பக்க விளிம்பிலிருந்து, போல்ட் மாட்டுற முகம் வரைக்கும் உள்ள தூரம். அது அதிகமானா சக்கரம் உள்ளே போய் இலை ஸ்பிரிங்கை உரசும். குறைஞ்சா வெளியே வந்து ஃபெண்டரை அறுக்கும். கவனிங்க, 8 இன்ச் ரிம் என்பது டயர் உட்காரும் இடத்தின் அகலம். விளிம்போடு அளந்தால் சுமார் 9 இன்ச் வரும். இதைக் கோட்டை விட்டுட்டு ஆர்டர் பண்ணினா, நாலு ரிம்மும் வீட்டு மாடியில தூங்கும்.

இப்போ சஸ்பென்ஷன். கிரைஸ்லர்காரங்க இந்த இடத்துல ஒரு வரம் கொடுத்துட்டுப் போயிருக்காங்க. சார்ஜரின் முன்பக்கத்தில் சுருள் ஸ்பிரிங் கிடையாது. ‘டார்ஷன் பார்’ என்ற நீளமான இரும்புக் கம்பி, முறுக்கித் திரும்புவதன் மூலம் ஸ்பிரிங் வேலையைப் பார்க்கும். லோயர் கன்ட்ரோல் ஆர்ம் பக்கத்தில் ஒரு போல்ட். அதைத் தளர்த்தினா முன்பக்கம் இறங்கும், இறுக்கினா ஏறும். ஒரே போல்ட்! கமாரோ வைத்திருப்பவர் சுருள் ஸ்பிரிங்கைக் கழற்றி, வெட்டி, மறுபடி மாட்டி, பிடிக்கலைன்னா புதுசு வாங்கணும். இவங்க ஒரு சாயங்காலத்துல முடிச்சுட்டுக் காபி குடிக்கப் போயிடுவாங்க.

வரத்துலயும் ஒரு சிக்கல். ரொம்பத் தளர்த்தினா, ஆர்ம் போய் இடிக்கிற ரப்பர் முட்டுக்கும் அதுக்கும் நடுவுல இடமே இருக்காது. ஒவ்வொரு பள்ளத்திலும் ‘டமால்’! அதனால் இறக்க நினைக்கிறவங்க கம்பியையே தடிமனா மாத்துறாங்க. 0.92 இன்ச் கம்பிக்குப் பதில் 1 இன்ச் போட்டா, கேட்க சின்ன வித்தியாசம். ஆனா கம்பியின் விறைப்பு அதன் விட்டத்தின் நாலாம் அடுக்கில் ஏறும். கணக்குப் போட்டா சுமார் 40 சதவிகிதம் விறைப்பு கூடும். ஃபிசிக்ஸ் கிளாஸ்ல தூங்கினவங்க இப்போ முழிச்சுக்கங்க. இடது கம்பி இடதுக்குத்தான், வலது வலதுக்குத்தான். இடம் மாத்தக் கூடாது.

பின்பக்கம் இலை ஸ்பிரிங். அரை நூற்றாண்டு சுமந்ததில் அது தொங்கிப் போயிருக்கும். 1970-களில் அமெரிக்கப் பசங்க கண்டுபிடிச்ச குறுக்குவழி ரெண்டு. ஒன்று, ஸ்பிரிங்கின் பின்முனையில் நீளமான ஷாக்கிள் மாட்டித் தூக்குவது. இன்னொன்று, காத்தடிச்சா உயருகிற ஏர் ஷாக். என்னைக் கேட்டா ரெண்டுமே வேண்டாம், அதிலும் நீள ஷாக்கிள் வேண்டவே வேண்டாம். வளைவில் கார் பக்கவாட்டில் ஆடும். ஏர் ஷாக்கோ, காரின் எடையையே ஷாக் மாட்டுற பிராக்கெட் மேல ஏத்தும். அந்த பிராக்கெட் அதுக்காகச் செஞ்சது இல்லை. காசு கொஞ்சம் கூடினாலும் சரியான வளைவுள்ள புது ஸ்பிரிங் வாங்குறதுதான் ஒழுங்கு.

பின்னாடி தூக்குறதுல கண்ணுக்குத் தெரியாத ஒரு ஆபத்தும் இருக்கு. சைக்கிள்ல ரெண்டு கையையும் விட்டுட்டு ஓட்டி ஃபிலிம் காட்டியிருக்கீங்கதானே? முன் ஃபோர்க் பின்பக்கமா சாய்ஞ்சிருக்கிறது அதுக்கு உதவி செய்யுது. காரிலும் முன் சக்கரத்துக்கு அதே சாய்வு உண்டு. ‘காஸ்டர்’ என்பார்கள். அந்தக் கால சார்ஜர்களில் ஃபேக்டரி அளவே சுழியத்தை ஒட்டித்தான் இருந்தது. முன், பின் சக்கரங்களுக்கு நடுவே 117 இன்ச். பின்னாடி 3 இன்ச் தூக்கினா, மொத்த காரும் ஒன்றரை டிகிரி முன்னால சாயும். காஸ்டரில் அதே ஒன்றரை டிகிரி காலி! நெடுஞ்சாலையில் கார் நேராப் போகாம அலையும். ஸ்டீயரிங்கைப் பிடிச்சு மல்லுக்கட்டணும்.

அதனால உயரத்தைத் தொட்டா வீல் அலைன்மென்ட் கட்டாயம். அதுக்கு முன்னாடி டேங்க்ல பெட்ரோல் போட்டு, காரை நாலு தடவை அமுக்கி விட்டு, சமதளத்துல நிறுத்தி, சக்கர நடுப்பகுதிக்கு நேரே ஃபெண்டர் விளிம்பு வரை நாலு மூலையும் அளங்க. நோட்ல எழுதுங்க. போல்ட்டை எத்தனை சுத்து திருப்பினீங்க என்பதையும்தான். பிறகு ஸ்டீயரிங்கை ரெண்டு பக்கமும் கடைசி வரை திருப்பி, டயர் எங்கேயாவது உரசுதா, பிரேக் ஹோஸ் இழுபடுதான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க.

ஒரு விஷயம் பாக்கி. ஷோ கார்களின் டயர் தேயாது, ஆனா வயசாகும். ஓரத்தில் டி.ஓ.டி. என்று ஆரம்பிக்கிற குறியீட்டின் கடைசி நாலு எண் 2316 என்றால், 2016-ம் வருஷம் 23-வது வாரம் தயாரானது. பட்டன் பட்டனாப் பளபளன்னு இருந்தாலும் ரப்பர் உள்ளுக்குள் இறுகியிருக்கும். 2013 நவம்பரில் பால் வாக்கர் இறந்த விபத்து ஞாபகம் இருக்கா? அவர் பயணம் செய்த போர்ஷே கரேரா ஜிடி ஓடிய வேகத்தைத்தான் விசாரணை காரணமாகச் சொன்னது. கூடவே, அந்த காரின் டயர்களுக்கு ஒன்பது வயசுக்கு மேலே ஆகியிருந்ததையும் குறிப்பிட்டது.

ரிம், பெயின்ட் எல்லாம் முடிச்ச பிறகு மிச்சக் காசில் டயர் வாங்கலாம்னு நினைக்கிறவங்கதான் அதிகம். வரிசையைத் திருப்பிப் போடுங்க பாஸ். அடுத்த வாரம் பிரேக்... டிரம்மா, டிஸ்க்கா?