அச்சில் ஏறாதவர்களிடம் திருடினால் அது திருட்டில்லையா?

‘ஆய்வு நேர்மை’ என்கிற பேச்சு இப்போது எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் பலமாகக் கேட்கிறது. பிறர் எழுத்தைத் திருடாதே, போலி இதழில் எழுதாதே, உழைக்காதவர் பெயரைக் கட்டுரையில் போடாதே என்கிறார்கள். நல்லதுதான். திருட்டுக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. எது திருட்டு, யார் திருடன் என்று முடிவு செய்கிற அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பதுதான் என் கேள்வி.

கருத்துத் திருட்டைத் தடுக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் விதிமுறை கொண்டுவந்தது. ஒருதரம் வாசித்துப் பாருங்கள். ஆய்வேட்டில் 60 சதவீதத்துக்கு மேல் பிறர் எழுத்தோடு ஒத்துப்போனால் மாணவரின் பதிவே ரத்து. அதே அளவுக்கு ஒரு பேராசிரியர் தன் கட்டுரையில் திருடியிருந்தால்? கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும். ரெண்டு இன்கிரிமெண்ட் கிடையாது. மூணு வருசத்துக்குப் புது மாணவர்களுக்கு நெறியாளராக முடியாது. வேலை போகிற பேச்செல்லாம் மறுபடி மாட்டினால்தான். ஒரே குற்றத்துக்கு ஆளுக்கொரு தண்டனை! மனு எழுதி வைத்ததும் இதைத்தானே? குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் ஊருக்கு பஸ் ஏற வேண்டும். பேராசிரியருக்குச் சம்பளத்தில் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

போலி இதழ்களின் கதையும் இப்படித்தான். ஆய்வேட்டைக் கொடுப்பதற்கு முன் ஆய்விதழில் ஒரு கட்டுரையாவது வந்திருக்க வேண்டும் என்று 2009 விதிமுறை கட்டாயமாக்கியது. 2022இல்தான் அந்தக் கட்டாயம் நீங்கியது. இடையில், காசை வாங்கிக்கொண்டு எதையும் அச்சடித்துத் தரும் இதழ்கள் ஈசல் மாதிரி கிளம்பின. மானியக் குழு தானே அங்கீகரித்த பட்டியலிலிருந்து 2018 மே மாதம் 4,305 இதழ்களை நீக்க வேண்டி வந்தது. பட்டியல் போட்டவர்களுக்கு ஒரு கெட்ட பெயரும் இல்லை. உதவித்தொகை மாசக்கணக்கில் வராமல், கடன் வாங்கிக் கட்டணம் கட்டியவன்தான் ‘போலி’ ஆனான்.

அடுத்தது பெயர்த் திருட்டு. மேற்பார்வை செய்தார் என்பதற்காக மட்டும் ஒருவரைக் கட்டுரையின் ஆசிரியராக்கக் கூடாது என்று மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு தெளிவாக நெறி வகுத்திருக்கிறது. நடப்பு என்ன? என் முதல் கட்டுரையில், ஒரு வரிகூட எழுதாத நெறியாளரின் பெயர் முன்னால் வந்தது. என் பெயர் பின்னால். கேட்டதற்கு, “கையெழுத்து வேணுமா, வேணாமா?” என்றார். அந்தக் கையெழுத்து இல்லாமல் ஆய்வேடும் நகராது, உதவித்தொகையும் நகராது. கூலியில்லாத வெட்டிவேலை களத்துமேட்டிலிருந்து நூலகத்துக்கு இடம் மாறியிருக்கிறது தோழர்களே!

இதைவிடப் பெரிய திருட்டு ஒன்று உண்டு. ஒலிப்பதிவுக் கருவியோடு சேரிக்குள் ஆய்வாளர் வருகிறார். எங்க ஆத்தா தன் நடவுப்பாட்டை, பட்ட அடியை, சாமி கதையை மணிக்கணக்காகச் சொல்கிறாள். அது இங்கிலீஷில் கட்டுரையாகிறது. ஆசிரியர் அவர்; ஆத்தா வெறும் ‘தகவலாளி’. ஒப்புமை பார்க்கும் கம்ப்யூட்டரில் அதைப் போட்டால் ஆத்தாவிடம் எடுத்தது எதுவும் காட்டாது. ஏற்கனவே அச்சிலும் இணையத்திலும் இருப்பதோடுதானே அது ஒப்பிடும்? நம்மைத் தலைமுறை தலைமுறையாக எழுதப் படிக்க விடாமல் வைத்துவிட்டு, எழுதப்படாத சொல்லுக்குச் சொந்தக்காரர் இல்லை என்கிறார்கள். பட்டா இல்லை என்று சொல்லி நிலத்தை வளைத்துப்போடுகிற அதே தந்திரம்.

கோபால் குரு 2002இல் எக்கனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லியில் இதன் வேரைத் தொட்டார். கோட்பாடு பேசுவது ஒரு கூட்டத்தின் உரிமை, தரவு சேர்ப்பது மற்றவர்களின் வேலை என்று இந்தியச் சமூக அறிவியல் பிரிந்து கிடப்பதை அம்பலப்படுத்தினார். ஆத்தாவோ தரவு சேர்ப்பவள்கூட இல்லை, அவளே தரவு.

‘பெயர் போட்டால் அவர்களுக்குத்தான் ஆபத்து’ என்பார்கள். வன்கொடுமையைச் சொன்னவர் பெயரை மறைப்பது நியாயம். பாட்டுக் கட்டியவள் பெயரை எதற்கு மறைக்கிறீர்கள்? அவளிடம் கேட்டீர்களா?

நம் கோரிக்கைகள் எளிமையானவை. பதவி கூடக் கூடத் தண்டனையும் கூட வேண்டும். பெயர்த் திருட்டுப் புகாரைத் துறைக்கு வெளியே உள்ளவர்கள் விசாரிக்க வேண்டும். அந்தக் குழுவில் தலித்துகள் இருக்க வேண்டும். சொன்னவர் விரும்பினால் அவர் பெயர் கட்டுரையில் வர வேண்டும்; அச்சுக்குப் போகுமுன் அவருக்குப் புரிகிற மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும்.

அதுவரை, பதிவுக் கருவியோடு யார் வந்தாலும், பாட்டை எடுக்குமுன் நம் ஆத்தாக்கள் ஒன்று கேட்கட்டும்: “எம்பேரு எங்கய்யா வரும்?”