ஓங்கி அடிச்சா உடையுமா?

ராஜபாளையத்தில் சாயங்காலம் ஏதாவது ஒரு தெருமுனை மன்றத்துப் பக்கம் நடந்து பாருங்கள். அல்லது பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி, ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாசம் அடிக்கும் சந்துகளில். உள்ளே கேரம் போர்டைச் சுற்றி நாலு பேர், நாலு பேரைச் சுற்றி பத்துப் பேர். 'டமார்!' என்று ஒரு சத்தம். 'செம பிரேக்டா மாப்ள!' என்று கூச்சல். ஒரு காயாவது விழுந்ததா என்று யாராவது பார்க்கிறார்களா? ஊஹூம். கைதட்டல் சத்தத்துக்குத்தான்.

இது பூல் மேஜைக்காரர்களைப் பார்த்து வந்த வியாதி என்பது என் சந்தேகம். அவர்களுக்காவது ஒரு நியாயம் இருக்கிறது. 'எட்டாம் நம்பர் பந்து' ஆட்டத்தில், முதல் அடியில் எதுவும் குழியில் விழவில்லை என்றால் குறைந்தது நாலு பந்தாவது ஓரத்து ரப்பரில் போய் முட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் பிரேக் செல்லாது. அங்கேகூட முரட்டு பலம் மட்டும் போதாது. முக்கோணத்தின் முன்னால் நிற்கும் பந்தை நெற்றிக்கு நேராகச் சந்திக்க வேண்டும். கொஞ்சம் ஓரத்தில் பட்டால், வேகத்தை எடுத்துக்கொண்டு வெள்ளைப் பந்து தன் பாட்டுக்கு ஓடிவிடும்.

கேரத்தில் அந்தக் கட்டாயமே கிடையாது. ஸ்ட்ரைக்கர் ஒரு காயை லேசாகத் தொட்டாலே பிரேக் ஆகிவிட்டதாகக் கணக்கு. தொடவே இல்லையா? மூன்று வாய்ப்பு தருகிறார்கள். ஆட்ட விதியே 'பதறாதே தம்பி' என்கிறது, நம்மாள்தான் கேட்பதில்லை.

ஸ்ட்ரைக்கர் அதிகபட்சம் 15 கிராம். காய் 5 முதல் 5.5 கிராம். அதாவது யானை மோதுகிறது, பூனை பறக்கிறது. பலகையோ வெறும் 74 சென்டிமீட்டர் சதுரம். வேகத்தை இரண்டு மடங்காக்கினால் மோதும் ஆற்றல் நாலு மடங்கு. வெள்ளைக் காய்கள் சட்டத்தில் மோதி ஆளுக்கொரு திசையில் ஓடும். கறுப்புக் காய்களும் எதிராளிக்குத் தோதாகத் திறந்துகொள்ளும். பி.காம். படித்தவன் பாஷையில் சொன்னால்... முதல் போட்டது நீங்கள், லாபம் எடுப்பது அவர்.

உண்மையில் பிரேக், அடுக்கும்போதே ஆரம்பித்துவிடுகிறது. நடுவில் சிவப்பு, சுற்றி ஆறு, அதைச் சுற்றி பன்னிரண்டு. வெள்ளைகள் ஆங்கில 'ஒய்' எழுத்தைப் போல நிற்கும். காய்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்க வேண்டும். நடுவே இடைவெளி விட்டால் அடி பாதி வழியில் செத்துப்போகும். 'ஒய்'யின் கைகள் எந்தக் குழியைப் பார்க்கின்றன, எந்தக் காயில் எந்த ஓரத்தில் தட்டினால் பக்கத்து வெள்ளை உருண்டு வரும், பவுடர் எவ்வளவு போட்டிருக்கிறது... இத்தனை கணக்கு. டாஸ் ஜெயித்தவர் பிரேக்கைக் கேட்டு வாங்குவது எதற்கு? எதிராளி கை வைப்பதற்குள் ஒன்பது வெள்ளையையும் சிவப்பையும் இறக்கி 'வொயிட் ஸ்லாம்' அடிக்கலாம் என்ற ஆசைக்குத்தான். விரலால் சுண்டுகிற ஆட்டத்துக்கு ஏன் சார் தோள்பட்டை?

இதனால் யாருக்கு நஷ்டம் என்கிறீர்களா? தெருவில் போகிற அப்பாவின் காதில் விழுவது அந்த 'டமார்' மட்டும்தான். 'வெட்டிப் பசங்க ஆட்டம்' என்று முடிவு கட்டிவிடுகிறார். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அந்தக் கூச்சலுக்கு நடுவே பெண் பிள்ளையை அவர் அனுப்புவாரா?

ஆனால், இதே ஆட்டத்தில்தான் சென்னையின் மரிய இருதயம் இரண்டு முறை உலக சாம்பியன் ஆனார், 1996-ல் அர்ஜுனா விருது வாங்கினார். வியாசர்பாடி இளவழகி 2008-ல் பிரான்ஸில் உலகப் பட்டம் வென்றார். ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக்கோப்பையில் மூன்று தங்கம் அள்ளினார். அவர்கள் பக்கத்தில் கேரத்தைப் பாடமாகச் சொல்லித்தர ஆள் இருந்தது. உங்கள் தெரு மன்றத்தில், 'ஓங்கிச் சுண்டுடா' என்பதைத் தாண்டி ஒரு வார்த்தை சொல்லித்தருகிறவர் உண்டா?

ஒன்று செய்யுங்கள். மில் ஷிப்ட் முடிந்து வரும் அண்ணன்களில் நிதானமான ஒருவரை நடுவராக உட்கார வையுங்கள். பிரேக்கில் காயைப் பலகைக்கு வெளியே பறக்கவிட்டவனுக்கு ஒரு காய் மைனஸ் என்று உள்ளூர்ச் சட்டம் போடுங்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு போர்டை பெண் பிள்ளைகளுக்கு ஒதுக்குங்கள். முதல் வாரம் சண்டை வரும். வரட்டும்.