அடிபட்டால் யார் தூக்கிக்கொண்டு வருவார்கள்?

செமஸ்டர் முடிந்துவிட்டது. வழக்கமாக சினிமா, கிரிக்கெட், மெஸ் சாம்பார் என்று மொக்கை போடுபவன் இன்றைக்குக் கொஞ்சம் கோபமாக எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

விஷயம் இதுதான். உக்ரைனில் சண்டை போடப் போன வெளிநாட்டுக்காரர்களின் வீடியோ ஒன்றை ஹாஸ்டலில் ஒருத்தன் காட்டினான். தலையில் கேமரா, கையில் துப்பாக்கி, பின்னணியில் அதிரடி மியூசிக். பார்த்தவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். "தியாகிடா" என்றது ஒன்று. "காசுக்கு வந்த கூலிப்படைடா" என்றது இன்னொன்று. நடுவில் ஒருத்தன், "டிகிரி முடிஞ்சதும் நானும் போறேன் மச்சி" என்றான். எல்லோரும் கை தட்டினோம். நானும்தான்.

மறுநாள் அதே வீடியோவை கேட்டில் இருக்கும் செக்யூரிட்டி ஐயாவிடம் காட்டினோம். ராணுவத்தில் இருந்து ரிட்டையர் ஆனவர். கடைசி வரை பார்த்தார். தியாகியா, கூலிப்படையா என்று வாயே திறக்கவில்லை. "தம்பி, இந்தப் பையனுக்கு அடிபட்டா யாரு தூக்கிட்டு வருவா?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. போரை உண்மையிலேயே பார்த்தவர்கள் இதைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று தேடிப் படித்தேன். ரூமில் நாங்கள் தொண்டை கிழியக் கத்திய கேள்வி அவர்களுக்குப் பெரிய விஷயமே இல்லை.

கதையை முதலில் இருந்து பார்ப்போம். 2022 பிப்ரவரி 24-ல் ரஷ்யா படையெடுத்தது. 27-ம் தேதி ஜெலன்ஸ்கி வெளிநாட்டவர்களை வந்து போராடச் சொல்லி அழைத்தார். ஒரே வாரத்தில் 52 நாடுகளில் இருந்து சுமார் 20,000 பேர் முன்வந்திருப்பதாக உக்ரைன் வெளியுறவு அமைச்சர் சொன்னார். பிரிட்டனில் அப்போதைய வெளியுறவு அமைச்சர் லிஸ் டிரஸ், போக விரும்புபவர்களை ஆதரிப்பதாகவே டி.வி.யில் பேசினார். ஆனால் அப்போதைய பிரிட்டன் முப்படைத் தலைவர் அட்மிரல் ராடக்கின், அது சட்டவிரோதம், உதவியும் இல்லை என்று வெளிப்படையாகவே மறுத்தார். கவனித்தீர்களா? உற்சாகப்படுத்தியது அரசியல்வாதி. வேண்டாம் என்றது ராணுவக்காரர்.

மார்ச் 13 அன்று போலந்து எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் யாவோரிவ் பயிற்சி முகாமில் ஏவுகணைகள் விழுந்தன. 35 பேர் இறந்ததாக உக்ரைன் அறிவித்தது. புதிதாக வந்த வெளிநாட்டவர்கள் தங்கியிருந்த இடம் அது. அதற்குப் பிறகு பலர் பெட்டியைக் கட்டினார்கள். அவர்களில் ஆப்கானிஸ்தான், ஈராக் பார்த்த பழைய சிப்பாய்களும் உண்டு. அந்த மாதமே, போர் அனுபவம் உள்ளவர்கள் மட்டும் வந்தால் போதும் என்று உக்ரைன் தரப்பே சொல்லிவிட்டது.

கோழைகளா அவர்கள்? அப்படிச் சொல்ல நமக்கு என்ன தகுதி? ஆப்கானிஸ்தானில் விமானங்கள் அவர்கள் பக்கம் இருந்தன. காயம்பட்டவனை ஒரு மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரி சேர்க்க வேண்டும் என்று 2009-ல் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் கேட்ஸ் உத்தரவே போட்டார். அதற்கு ஹெலிகாப்டர்கள் இருந்தன. உக்ரைன் முன்வரிசைக்கு அப்படி ஹெலிகாப்டர் வர முடியாது. தூக்கிச் செல்பவர்களையும் மேலே இருந்து ட்ரோன் பார்த்துக்கொண்டிருக்கும். பீரங்கியால் அடிக்கும் பக்கம் இருந்தோம், இங்கே அடி வாங்கும் பக்கம் நிற்கிறோம் என்பதுதான் போய் வந்தவர்கள் பலரும் சொன்னதன் சாரம். இருபது வருட அனுபவக்காரனுக்கே இந்த நிலை. நம்ம பப்ஜி வீரர்களுக்கு? :-)

அனுபவசாலிகள் எல்லோரும் போகாதே என்று சொன்னதாகவும் நான் கதை விடமாட்டேன். தங்கி, சண்டை போட்டு, அங்கேயே இறந்தவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்க மரீன் படையில் கர்னலாக இருந்து ஓய்வுபெற்ற ஆண்ட்ரூ மில்பர்ன் போனார். ஆனால் அவர் தொடங்கிய மோசார்ட் குழு சண்டை போடும் படை இல்லை. உக்ரைன் வீரர்களுக்குப் பயிற்சி கொடுத்தது, குண்டு விழும் ஊர்களில் இருந்து பொதுமக்களை வெளியேற்றியது. தனக்கு எது தெரியும் என்று தெரிந்து போவது வேறு, மியூசிக் கேட்டுப் போவது வேறு.

"ஜார்ஜ் ஆர்வெல் ஸ்பெயினுக்குப் போகலையா?" என்று ஒரு அறிவுஜீவி நண்பன் மடக்கினான். போனார். அவருக்குக் கிடைத்த பயிற்சி அணிவகுப்பு நடை. கிடைத்த துப்பாக்கி 1896-ல் செய்தது. 1937 மே மாதம் தொண்டையில் குண்டு பாய்ந்தது. அடுத்த மாதம், அவர் இருந்த அமைப்பையே அவர் ஆதரித்த தரப்பின் அரசு தடை செய்ய, கைதுக்குப் பயந்து மனைவியோடு ஸ்பெயினை விட்டுத் தப்பினார். இதை எழுதி வைத்தவரும் அவரேதான். புத்தகத்தைப் படிக்காமல் அட்டைப் படத்தை மட்டும் பார்த்தால் இப்படித்தான் பேசத் தோன்றும்.

சரி, இப்போது தியாகி-கூலிப்படை சண்டைக்கு வருவோம். 1977 ஜெனீவா கூடுதல் நெறிமுறையின் 47-வது பிரிவுப்படி, ஒரு நாட்டின் ராணுவத்தில் முறைப்படி சேர்ந்தவன் கூலிப்படை ஆள் ஆகமாட்டான். ஏட்டில் அழகாக இருக்கிறது. நடந்தது என்ன? உக்ரைன் ராணுவத்தில் முறைப்படி சேர்ந்திருந்த இரண்டு பிரிட்டன்காரர்களுக்கும் ஒரு மொராக்கோ இளைஞருக்கும் 2022 ஜூனில் டோனெட்ஸ்க் பிரிவினைவாதிகளின் நீதிமன்றம் கூலிப்படை என்று சொல்லி மரண தண்டனை விதித்தது. செப்டம்பரில் சவுதி தலையிட்டுக் கைதிப் பரிமாற்றம் நடந்ததால் பிழைத்தார்கள். சட்டம் அவர்களைக் காப்பாற்றவில்லை. பேரம்தான் காப்பாற்றியது.

எதிர்ப்பக்கமும் பாருங்கள். உதவியாளர் வேலை, செக்யூரிட்டி வேலை என்று ஏஜெண்டுகள் ஆசை காட்டி ரஷ்யாவுக்கு அனுப்பிய நம்ம நாட்டுப் பையன்கள். 2024 மார்ச்சில் சி.பி.ஐ. அந்த வலையைப் பிடித்தது. 2025 ஜனவரியில் நமது வெளியுறவு அமைச்சகம் கொடுத்த கணக்கு: ரஷ்யப் படையில் இருந்ததாகத் தெரிந்த இந்தியர்கள் 126, திரும்பியவர்கள் 96, இறந்தவர்கள் 12, காணாமல் போனவர்கள் 16. காணாமல் போனவர்கள் என்றால் என்ன அர்த்தம் என்று அந்த அம்மாக்களிடம் கேளுங்கள்.

கொள்கைக்காகப் போனவனும் ஏமாந்து போனவனும் ஒன்றல்ல. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பதுங்குகுழியில் விழுந்த பிறகு இருவருக்கும் ஒரே கேள்விதான். எனக்கு யார் பொறுப்பு? சொந்த ராணுவத்தில் இருப்பவனுக்கு ரெஜிமென்ட், பென்ஷன், தேசியக் கொடி போர்த்திய பெட்டி என்று ஏதோ ஒரு பதில் இருக்கிறது. அந்நிய மண்ணில் நிற்பவனுக்கு அந்தப் பதில் அடுத்தவர் தயவில் இருக்கிறது.

ஆக, கை தட்டிய நாம்தான் இதில் மோசமானவர்கள். போகிறவன் உயிரையாவது பணயம் வைக்கிறான். நாம் வைத்தது ஒரு லைக். "நானும் போறேன் மச்சி" என்றவனிடம் நேற்று அந்த செக்யூரிட்டி ஐயாவின் கேள்வியைக் கேட்டேன். பதில் சொல்லவில்லை. கை தட்டிய நாங்களும் சொல்லவில்லை. உங்கள் நண்பன் யாராவது அப்படிச் சொன்னால், தயவுசெய்து முதலில் இதைக் கேளுங்கள். வீடியோவை அப்புறம் ஃபார்வர்ட் செய்யலாம்.

டிஸ்கி: படையெடுக்கப்பட்ட நாடு உதவி கேட்பது தப்பு என்று நான் சொல்லவில்லை. கூப்பிடுபவனும் கை தட்டுபவனும் பொறுப்பேற்க வேண்டும் என்கிறேன். திட்டுபவர்கள் முழுசாகப் படித்துவிட்டுத் திட்டவும்.