யாரிடமும் கற்காதவரா?

'தானாகவே கற்றுக்கொண்ட கலைஞர்' என்று ஒரு பட்டம் இருக்கிறது. பொன்னாடை போர்த்துவது போலத்தான் அதைச் சூட்டுகிறார்கள். என் காதில் அது வசவாகவே விழுகிறது.

சென்ற மாதம் நண்பர் ஒருவர் எலைஜா பியர்ஸின் மரச் சிற்பப் படங்கள் அடங்கிய புத்தகத்தை என்னிடம் கொடுத்து, "பாருங்கள் சார், ஒரு சலூன்காரர் செய்தது! ஒருத்தரும் சொல்லித் தரவில்லையாம்!" என்றார். படங்களைவிட அந்தச் சலூன்தான் அவருக்கு அதிசயமாகப் பட்டிருக்கிறது. அவரைக் குறை சொல்வானேன்? பியர்ஸைப் பற்றி எழுதுகிற பெரியவர்களே அங்கிருந்துதானே ஆரம்பிக்கிறார்கள்!

பியர்ஸ் அமெரிக்காவின் மிஸிஸிப்பி மாநிலத்தில், 1892-ல் பிறந்த கறுப்பர். தகப்பனார் அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர். பேனாக்கத்தியால் மரத்தைச் சீவுவது பையனுக்குச் சின்ன வயதிலேயே விளையாட்டு. மரவேலையின் நெளிவுசுளிவுகளைக் குடும்பப் பெரியவர் ஒருவர் காட்டிக்கொடுத்தார். பருத்தி வயலில் உழைக்க மனமில்லாமல் முடிதிருத்தும் தொழிலுக்குப் போனார். 1920-ல் பாப்டிஸ்ட் திருச்சபை அவருக்குப் பிரசங்கம் செய்ய அனுமதி கொடுத்தது. பிறகு ஒஹையோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரில் குடியேறினார். மனைவியின் பிறந்த நாளுக்கு ஒரு சின்ன யானை செதுக்கிக் கொடுத்தார். அந்த அம்மாளுக்குப் பிடித்துப் போயிற்று. யானைக்குத் துணையாக ஒரு மிருகக்காட்சி சாலையே வந்து சேர்ந்தது.

இதற்குப் பிறகுதான் விஷயமே. 1932-ல் 'மரப் புத்தகம்' என்று ஒன்று செய்தார். இயேசுவின் வாழ்க்கையைப் பெரிய பெரிய பலகைகளில் புடைப்பாகச் செதுக்கி வர்ணம் தீட்டி, பக்கம் பக்கமாக அமைத்தது. புருஷனும் மனைவியுமாக அதை எடுத்துக்கொண்டு கோயில்களுக்கும் திருவிழாச் சந்தைகளுக்கும் போவார்கள். ஜனங்கள் கூடுவார்கள். ஒவ்வொரு காட்சியாகச் சுட்டிக்காட்டி அவர் கதை சொல்வார்.

அவருடைய இளமையில் நடந்ததாக அவரே சொல்லும் சம்பவம் ஒன்று உண்டு. ஒரு நாள் பைபிளைப் படித்துக்கொண்டிருந்தவர் அதை விட்டுவிட்டு, ஸியர்ஸ் ரோபக் கம்பெனியின் சாமான் விலைப்பட்டியலை எடுக்கக் கையை நீட்டினார். அந்தக் கணமே தெய்வத்தின் கை தம்மைத் தொட்டதாம். கட்டைபோல் விழுந்தார், செத்துவிட்டார் என்றே வீட்டார் நினைத்தார்கள். அதை 1956-ல் செதுக்கி, வர்ணம் பூசி, மினுக்குத் தூளும் தூவினார். 'கடவுளுக்குக் கீழ்ப்படிந்து வாழ்' என்பது தலைப்பு. பிரசங்கம் செய்யும்படி வந்த அழைப்புக்கு நழுவியதால், ஒவ்வொரு பிரசங்கத்தையும் மரத்தில் செதுக்கும்படி தமக்குத் தண்டனை விதிக்கப்பட்டது என்று அவர் நம்பினார்.

விலைப்பட்டியலும் வேதமும் ஒரே அறையில் இருக்கும் கதையை எடுத்துக்கொள்ள யார் சொல்லிக் கொடுத்தது? கறுப்பர் கோயில்களின் பிரசங்கிகள்தாம். வேதத்திலிருந்து ஒரு கதை, பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கதை; இரண்டையும் பின்னி, கேட்பவன் 'ஐயோ, இது நான்தான்' என்று உணரும்படி செய்வது அவர்கள் வித்தை. பல தலைமுறையாக வளர்ந்த அந்தப் பள்ளியில் பியர்ஸ் பாடம் கேட்டிருக்கிறார். பரீட்சையும் எழுதியிருக்கிறார், லாங் தெருவிலிருந்த சலூனில்! மாட்டியிருந்த பலகைகளைப் பார்த்துக்கொண்டே வாடிக்கைக்காரர்கள் அபிப்பிராயம் சொன்னார்கள். குத்துச்சண்டை வீரர் ஜோ லூயி, மார்ட்டின் லூதர் கிங், நிக்ஸன் என்று ஊர் பேசியதெல்லாம் மரத்துக்கு வந்தது. கலைக்கல்லூரியில் சேரவில்லை என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். யாரிடமும் கற்கவில்லை என்று சொன்னால், அந்தப் பிரசங்கிகளையும் குடும்பத்துப் பெரியவரையும் ஆளே இல்லை என்று அடித்துவிடுகிறீர்கள்.

1970-களின் தொடக்கத்தில் அவரைக் 'கண்டுபிடித்தார்கள்'. அப்போது அவருக்கு எண்பது வயதை ஒட்டியிருக்கும். நாற்பது வருஷமாகக் கொலம்பஸின் கறுப்பர்களுக்குத் தெரிந்திருந்தவரை!

இந்தப் பட்டத்தால் அவருக்கு நன்மையே கிடையாதா என்று கேட்டால், உண்டு. அதை மறைப்பது நியாயமல்ல. 1973-ல் ஸாக்ரெப் நகரில் முதல் பரிசு வந்தது. 1982-ல் அமெரிக்க அரசின் பாரம்பரியக் கலை விருது. 1984-ல் அவர் காலமான பிறகும் சிற்பங்கள் சிதறிப் போகாமல் நிறையக் கொலம்பஸ் கலைக்கூடத்தில் சேர்ந்தன. 2020-ல் பிலடெல்பியாவின் பார்ன்ஸ் கலைக்கூடம் பெரிய கண்காட்சி நடத்தியது. எல்லாம் சரி. ஆனால் ஸாக்ரெப் பரிசு எந்த வகைக்கு? 'வெகுளிக் கலை' என்ற வகைக்கு. நிக்ஸனைச் செதுக்கிய கிழவரா வெகுளி?

பிரான்சிஸ் பேக்கன் என்று பிரிட்டனில் ஓர் ஓவியர் இருந்தார் (பழைய கட்டுரையாசிரியரல்ல, இருபதாம் நூற்றாண்டுக்காரர்). அவரும் எந்தக் கலைக்கல்லூரியிலும் முறையாகப் பயின்றவரல்ல. அவரை நாட்டுப்புறக் கலைஞர் என்று யாராவது தனி அறையில் உட்கார வைக்கிறார்களா? அவர் ஓவியர், அவ்வளவுதான். பியர்ஸுக்கு மட்டும் முன்னால் ஒரு அடைமொழி, பின்னால் ஒரு சலூன்!

எனக்கு இதில் இவ்வளவு கோபம் வரக் காரணம் உண்டு. கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவன் நான். என் நாவல் ஒன்றுக்கு மதிப்புரை எழுதிய ஒருவர், 'படிப்பு இல்லாமலே இவ்வளவு எழுதுகிறாரே!' என்று மனமுவந்து பாராட்டியிருந்தார். நாவலில் வரும் மனிதர்களைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை.

நண்பருக்குப் புத்தகத்தைத் திருப்பித் தர வேண்டும். 1956-ஆம் வருஷத்துச் சிற்பம் இருக்கும் பக்கத்தில் ஒரு காகிதம் வைத்திருக்கிறேன். அந்தப் பக்கத்தைப் பிரித்துக் காட்டி, அந்த விலைப்பட்டியல் கதையை அவருக்குச் சொல்லப் போகிறேன். சலூனைப் பற்றி அவராகக் கேட்டால்தான் பேச்சு.