மிலாறும் கேஸும்: கப்பலுக்கும் ரெண்டு அடுப்பு

எங்க லயத்து வீட்ல ரெண்டு அடுப்பு. ஒன்னு கேஸ். இன்னொன்னு, கவ்வாத்து மலையில இருந்து அம்மா கட்டித் தூக்கிட்டு வர்ற மிலாறுல எரியிறது. 2022ல கேஸ் சிலிண்டருக்கு நாடே ரோட்டுல வரிசையில நின்னப்ப, நாங்க கேஸ் அடுப்பத் தொடச்சு மூடி வச்சிட்டு மிலாறுக்குத் திரும்பிட்டோம். அம்மாவோட இருமலும் திரும்பி வந்துச்சு.

அதே 2022ல பெரிய கப்பல்களும் இதையேதான் செய்தன. உக்ரைன் போரால் எரிவாயு விலை ஏறியதும், வாயுவிலும் எண்ணெயிலும் ஓடக்கூடிய ‘டூவல் ஃபியூல்’ இயந்திரம் பூட்டிய பல கப்பல்கள் எண்ணெய்க்கே திரும்பின.

கலைப்பீடத்துல படிக்கிறவளுக்கு இஞ்சின் எதுக்குன்னு கேக்காதீங்க, விஷயம் லேசுதான். மீதேன் வாயுவை மைனஸ் 162 பாகை செல்சியஸ் வரை குளிர வைத்துத் திரவமாக்கித் தாங்கியில் அடைக்கிறார்கள். இஞ்சினுக்குள் அது தானாகப் பற்றாது. கொஞ்சம் டீசல் பீச்சிப் பற்ற வைக்க வேண்டும். ஈர மிலாறுக்கு மண்ணெண்ணெய் ஊத்துற மாதிரி. வாயு இல்லையென்றால் முழுக்க எண்ணெயில் ஓடும். 2020ல் கடலுக்கு வந்த, 23,000 கொள்கலன் ஏற்றும் ‘ஜாக் சாதே’ இந்த வகைதான்.

நன்மை இல்லாமல் இல்லை. கந்தகப் புகை கிட்டத்தட்ட இல்லை, கரியும் குறைவு. புகைபோக்கியில் வரும் கார்பன் டைஒக்சைட்டும் ஏறக்குறைய கால்வாசி குறையும். துறைமுகத்தை ஒட்டி வாழ்றவங்களுக்கு இது நெசமாவே நல்லது.

என் சண்டை ‘பசுமைக் கப்பல்’ங்கிற பேரோடதான். எரியாத மீதேன் கொஞ்சம் இஞ்சினிலிருந்து அப்படியே நழுவி வெளியே போகிறது. 20 வருசக் கணக்கில் பார்த்தால் அது கார்பன் டைஒக்சைட்டை விட 80 மடங்குக்கும் மேல் சூடேற்றும். உயர் அழுத்தத்தில் வாயுவைச் செலுத்தும் இஞ்சின்களில் இந்த நழுவல் குறைவு. தாழ் அழுத்த வகையில் அதிகம், அதுவும் மெதுவாக ஓடும்போது இன்னும் அதிகம். ரெண்டுக்கும் ஒரே லேபிள் ஒட்டுறது என்ன நியாயம்?

‘பிறகு வாயுவுக்கு மாத்திக்கலாம்’ங்கிற கதை நமக்குப் புதுசும் இல்ல. கெரவலப்பிட்டிய யுகதனவி மின்நிலையம் (300 மெகாவாட்) அப்படிச் சொல்லித்தான் கட்டப்பட்டது. 2010ல் முழுசா இயங்கத் தொடங்கி, பத்து வருசம் தாண்டியும் எண்ணெயில்தான் ஓடியது.

நழுவும் மீதேனை எண்ண முடியாதுன்னு யாரும் சொல்ல வேணாம். 2025ல் ஐரோப்பிய ஒன்றியம் நடைமுறைக்குக் கொண்டுவந்த கப்பல் எரிபொருள் விதி அதையும் சேர்த்தே எண்ணுகிறது. ஐரோப்பாவுக்குப் போற நம்ம தேயிலைக் கப்பலுக்கும் அது பொருந்தும். உலகம் முழுக்கப் பொருந்துற மாதிரி ஒரு விதியை லண்டனில் பேசினார்கள். 2025 ஒக்டோபரில் அதை ஒரு வருசம் தள்ளிப் போட்டுவிட்டார்கள்.

அடுத்த மாசம் டித்வா புயல். பதுளை மாவட்டத்துல மலைகள் சரிஞ்சது. அந்த மழையையும் ஒரு கப்பலோட புகைபோக்கியையும் நேரா முடிச்சுப் போட நான் வரல, அப்படிப் போடவும் முடியாது. ஆனா 2014 ஒக்டோபர் 29ல் மீரியபெத்தயில் லயங்களை மண் மூடினதில இருந்து, பெருமழை வந்தா அடையாள அட்டையும் துணிமணியும் மூட்டை கட்டித் தலைமாட்டுல வச்சிட்டுத்தான் நாங்க படுக்கிறோம். ஒரு வருசம் தள்ளிப் போட்டவங்க யாரும் அப்படிப் படுத்திருக்க மாட்டாங்க.