ஐப்பசியில் ஒரு தடவை பாருங்கள்

தமிழ்நாடு பசுமை எரிசக்திக் கழக மேலாண்மை இயக்குநர் அவர்களுக்கு,

முடிச்சூரிலிருந்து எழுதுகிறேன். என் வீட்டு மொட்டை மாடியிலும் சோலார் ஓடுகிறது. அதனால் இது எதிர்ப்பு மடல் இல்லை. அடுத்த பெரிய சூரியப் பூங்காவுக்கு இடம் பார்க்கும்போது எந்த மாதத்தில் போய்ப் பார்க்கிறீர்கள் என்பதுதான் என் கேள்வி.

கமுதியில் 2016இல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையத்தை எட்டே மாதத்தில் எழுப்பினார்கள். சாதனைதான். ஆனால் அதற்குச் சுமார் 2,500 ஏக்கர் பிடித்தது, மெகாவாட்டுக்கு ஏறக்குறைய நான்கு ஏக்கர். அவ்வளவு நிலம் ஒரே இடத்தில் மலிவாகக் கிடைப்பது சீமைக்கருவேலம் மண்டிய வானம் பார்த்த பூமியில்தான். பதிவேட்டில் ‘தீர்வை ஏற்படாத தரிசு’ என்றிருந்தால் வேலை இன்னும் சுலபம். அந்தத் தரிசில்தான் ஊர் ஆடுகள் மேய்கின்றன, அதன்மேல் ஓடித்தான் மழைநீர் கண்மாய்க்குப் போகிறது. செடி கொடியை வழித்து மட்டப்படுத்திய தரையில், சோலார் பலகையிலிருந்து ஒரே கோட்டில் வழியும் தண்ணீர் மண்ணை அரித்துத் தன் இஷ்டத்துக்குப் போகும்.

எங்கள் பக்கம் பள்ளிக்கரணைக் கழுவெளியையும் உதவாத நிலம் என்றுதான் நினைத்தோம். குப்பை கொட்டினோம், கட்டடம் கட்டினோம். 2022இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் ஏறியது மிச்சம் மீதிதான். நாடெங்கும் நிலையங்கள் வைத்து வெயிலை அளக்கும் தேசிய காற்றாற்றல் நிறுவனம் இருப்பதும் அதே பள்ளிக்கரணையில். வெயிலுக்கு அவ்வளவு கணக்கு வைத்திருக்கிறோம், தண்ணீர் போகும் வழிக்கு வைக்கவில்லை.

நான் மனை வாங்கியது ஒரு சித்திரையில். தரை வெடித்துக் கிடந்தது. நல்ல மேட்டு நிலம் என்றார் தரகர். 2015 டிசம்பரில் அடையாறு பெருகி வந்தபோது அந்த மேட்டிலிருந்து படகில்தான் வெளியேறினோம்.

சூரிய ஒளி மின் திட்டங்களுக்கு 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி முன் அனுமதி வேண்டியதில்லை. ஆகவே மழைநீர் எங்கே ஓடும் என்று வேறு யாரும் கேட்கப் போவதில்லை, நீங்கள்தான் கேட்க வேண்டும். சர்வேயரை ஐப்பசி, கார்த்திகையில் ஒரு தடவை அனுப்புங்கள். அந்த ஊரில் கண்மாய்த் தண்ணீரைப் பாய்ச்சிவிடும் நீர்ப்பாய்ச்சியையும் கூட நடக்கச் சொல்லுங்கள். வரைபடத்தில் இல்லாத ஓடையை அவர் காலாலேயே காட்டுவார். அங்கே மட்டும் கம்பம் நடாமல் விட்டால் சில மெகாவாட் குறையும், குறையட்டும்.

இப்படிக்கு,
முடிச்சூர்வாசி ஒருவர்